குடைக்கு அடியில் இருக்கும் பெயர்: வாசகர் கேள்வி பதில்

மழைக்காலக் காளான்களைப் படம் எடுத்து அடையாளம் காண்பது பற்றிச் சென்ற இதழில் எழுதிய சிறு குறிப்பு, வடசென்னை வாசகர்களை இந்த அளவுக்குச் சேற்றில் இறக்கிவிடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில், அவற்றுள் விவரம் மிகுந்த கடிதத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் தெருவுக்குப் பின்னால் உள்ள திடலில், முதல் மழை பெய்த மூன்றாம் நாள் வெள்ளைக் குடைகள் வட்டமாக முளைத்திருந்தன. கைப்பேசியில் எடுத்த மூன்று படங்களை இணைத்திருக்கிறேன். ஒரு செயலி ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு பெயரைச் சொல்லுகிறது. செஞ்சிப் பக்கம் பிறந்த என் தாயாரோ, சிறு வயதில் தாம் குழம்பில் போட்டுச் சாப்பிட்ட புற்றுக்காளான் இதுதான் என்று அடித்துச் சொல்லுகிறார். எதை நம்புவது? (வாசகர், வியாசர்பாடி)

பதில்: உங்கள் மூன்று படங்களும் நேர்மேலிருந்து எடுக்கப்பட்டவை. மூன்றிலும் தெரிவது ஒன்றே: நடுவில் பழுப்புச் செதில்கள் படர்ந்த வெள்ளைக் குடை. மொட்டை மாடியில் நின்றுகொண்டு தெருவில் போகிறவரின் உச்சந்தலையைப் படம் பிடித்து, இவர் யார் என்று கேட்டால் என்ன சொல்ல முடியும்? காட்டியதை வைத்துத்தானே செயலியும் ஊகிக்கும். நானும் முதல் இரண்டு மழைக்காலங்களில் இப்படித்தான் எடுத்துத் தள்ளினேன். அழகான படங்கள்தாம், ஆனால் அவற்றில் பாதிக்குமேல் இன்றுவரை என்னால் பெயர் எழுத முடியாமல் கிடக்கின்றன.

புல்தரை, வட்டமான வரிசை, ஒரு சாண் அகலம் வரை விரிகிற வெள்ளைக் குடை, உச்சியில் பழுப்புச் செதில் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது, இது குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் என்ற நச்சுக்காளானாக இருக்கலாம் என்று ஐயப்படுகிறேன். வெப்ப மண்டலங்களில் வீட்டுப் புல்தரையிலும் விளையாட்டுத் திடலிலும் மழைக்குப் பின் சாதாரணமாக முளைப்பது இது. மண்ணுக்குள் ஓரிடத்தில் தொடங்கிய பூஞ்சை இழைகள் நாற்புறமும் ஒரே அளவாகப் பரவி, விளிம்பில் மட்டும் குடை விடுவதால்தான் வட்டம் உண்டாகிறது. அதில் பேய்க்கும் மோகினிக்கும் வேலையில்லை. ஐயம் உறுதியாக வேண்டுமானால் நீங்கள் மறுபடியும் திடலுக்குப் போய், இந்த முறை மண்டியிட வேண்டும்.

முதலில் குடையின் அடிப்பக்கம். பெண்கள் கைப்பையில் வைத்திருக்கும் சின்ன முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு போங்கள். அதைக் காம்புக்குப் பக்கத்தில் மண்ணோடு மண்ணாகச் சாய்த்து வைத்தால், பறிக்காமலேயே செவுள்கள், அதாவது குடையின் அடியில் வரிசையாக இருக்கும் மெல்லிய மடிப்புகள், முழுவதும் கண்ணாடியில் தெரியும். அந்தப் பிம்பத்தைக் குவியப்படுத்திப் படம் எடுக்கலாம். செவுள்கள் காம்பைத் தொடுகின்றனவா, காம்பைச் சுற்றிச் சிறு இடைவெளி விட்டு நின்றுவிடுகின்றனவா என்பது மிக முக்கியமான அடையாளம். நான் சந்தேகிக்கும் காளானில் அவை காம்பைத் தொடுவதில்லை. குடை இளமையாக இருக்கும்வரை செவுள் வெள்ளையாகவே இருந்து, முதிர்ந்த பின்புதான் சாம்பல் கலந்த பச்சையாகும். இளங்குடையை மட்டும் பார்ப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான். ஆகவே மொட்டு, பாதி விரிந்தது, முழுதும் விரிந்தது என்று மூன்று பருவங்களையும் எடுங்கள்.

அடுத்தது காம்பு. மேற்பகுதியில் ஒரு வளையம் இருக்கிறதா, அதை விரலால் மெல்லத் தள்ளினால் மோதிரம்போல் மேலும் கீழும் நகருகிறதா என்று பாருங்கள். பிறகு ஒரே ஒரு குடையை, பிடுங்காமல், பழைய கரண்டியால் சுற்றிலும் மண்ணைத் தோண்டி அடியோடு எடுங்கள். பிடுங்கினால் காம்பின் அடி மண்ணிலேயே தங்கிவிடும். அங்கே ஒரு கிண்ணம் போன்ற உறை இருந்ததா, வெறும் பருத்த குமிழ் இருந்ததா என்ற சாட்சியும் அதோடு போய்விடும். ஒன்றை எடுப்பதால் பூஞ்சை அழிந்துவிடாது. மாமரத்தில் ஒரு காய் பறித்த அளவுதான். பாலித்தீன் பையில் போட்டால் ஒரு மணி நேரத்தில் வேர்த்து அழுகத் தொடங்கும் என்பதால் செய்தித்தாளில் பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

கடைசியாக வித்துத்தூள் அச்சு, அதாவது செவுளிலிருந்து உதிரும் விதை போன்ற நுண்தூள் தாளில் பதிக்கும் படம். காம்பை நறுக்கிவிட்டு, குடையைச் செவுள் கீழ்நோக்கி இருக்கும்படி ஒரு தாளின் மேல் வைத்து, அதன்மேல் எவர்சில்வர் கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்துவிடுங்கள். தாளின் பாதி வெள்ளையாகவும் பாதி கறுப்பாகவும் இருந்தால் எந்த நிறத் தூளும் தெரியும். இரவில் வைத்தால் காலையில் செவுள்களின் வரி வரியான படம் தாளில் பதிந்திருக்கும். அது மங்கிய பச்சையாக இருந்தால், வேறு சான்று தேடி அலைய வேண்டாம். பச்சை நிறத்தில் தூள் உதிர்க்கும் காளான் மிக மிக அரிது.

இனி உங்கள் தாயாருக்கு மரியாதையோடு ஒரு வார்த்தை. புற்றுக்காளான் கறையான் வளர்க்கும் பூஞ்சைத் தோட்டத்திலிருந்து எழுவது. அதன் காம்பு தரைமட்டத்தில் முடிவதில்லை. ஒரு நீண்ட வேர்போல மண்ணுக்குள் இறங்கிக் கறையான் கூட்டைத் தொடும். மண்ணைக் கிழித்துக்கொண்டு வருவதற்கு ஏற்றபடி குடையின் நடுவில் கெட்டியான கூர்மை இருக்கும். வித்துத்தூள் வெளிறிய இளஞ்சிவப்பு. அவர் சிறுமியாக இருந்தபோது அதைத் தோண்டி எடுத்த மூத்தவர்களுக்கு அந்த நீண்ட வேர் தெரிந்திருக்கும். தட்டில் வைத்த காளானை மட்டும் பார்த்த நினைவில் அது இருக்காது. அச்சு எந்த நிறத்தில் வந்தாலும் அதைச் சமைக்க வேண்டாம் என்று அவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது சாதாரணக் கைப்பேசி மட்டுமே. மேக்ரோ லென்ஸ் இல்லாமல் காளான் படம் எடுப்பது வீண் என்று நண்பர் சொல்லுகிறார். உண்மையா? (கல்லூரி மாணவர், தண்டையார்பேட்டை)

பதில்: நண்பருக்கு லென்ஸ் வாங்கும் ஆசை இருக்கிறது போலும். பணம் இருந்தால், சிறு பொருளை மிக அருகிலிருந்து பெரிதாக எடுக்கும் 90 அல்லது 100 மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸ் நல்ல துணைதான். லென்ஸின் துளையை எஃப் 8, எஃப் 11 என்ற சிறிய அளவில் வைத்து, முக்காலியில் நிறுத்தி எடுத்தால் குடையின் செதிலும் காம்பின் நாரும் ஒருங்கே தெளியும். ஆனால் அடையாளம் காண உதவும் படத்துக்குத் தேவை லென்ஸைவிட முழங்கால்தான்.

கைப்பேசியைத் தலைகீழாகப் பிடியுங்கள். லென்ஸ் இருக்கும் முனை அப்போது தரையோடு ஒட்டி நிற்கும்; காளானின் உயரத்திலிருந்தே அதைப் பார்க்க முடியும். பல கைப்பேசிகளில் மேக்ரோ என்று தரப்படுவது அகலக்கோண லென்ஸைத்தான் என்பதால், அதைவிடச் சற்றுப் பின்வாங்கி இருமடங்கு பெரிதாக்கி எடுத்தால் விளிம்புகள் வளையாமல் வரும். இருண்ட சருகின் நடுவே வெள்ளைக் குடை இருந்தால் கைப்பேசி இருட்டுக்கு இரங்கி வெளிச்சத்தைக் கூட்டிவிடும். குடை வெறும் வெள்ளைத் திட்டாகப் போகும். திரையில் குடையைத் தொட்டு, வெளிச்சத்தைக் கீழே இழுத்துக்கொள்ளுங்கள். இரண்டு விநாடி டைமர் வைத்தால் விரல் நடுக்கம் படத்தில் ஏறாது. வெயில் அடித்தால் நீங்கள் கொண்டுபோன குடையை அந்தக் குடைக்குப் பிடியுங்கள். அடிப்பக்கம் இருண்டிருந்தால் சாப்பாட்டு டப்பாவின் வெள்ளி மூடி ஒளியைத் திருப்பிவிடப் போதும். ஃபிளாஷ் வேண்டாம், அது ஈரமான தோலின் உண்மை நிறத்தைக் கொன்றுவிடும்.

நிறத்தைப் பற்றி இன்னும் ஒரு எச்சரிக்கை. மரநிழலில் எடுக்கும் எல்லாப் படத்திலும் இலையின் பச்சை கொஞ்சம் ஏறியிருக்கும், அதன்மேல் கைப்பேசி தானாகவே ‘அழகு’ கூட்டும். பழுப்பா, செம்பழுப்பா என்பதில் ஓர் இனமே மாறிப்போகிற துறையில் இந்த அலங்காரம் ஆகாது. அந்த வசதியை அணைத்துவிட்டு, ஒரு படத்தில் மட்டும் காளானுக்குப் பக்கத்தில் வெள்ளைத் தாள் துண்டையும் பத்து ரூபாய் நாணயத்தையும் வைத்து எடுங்கள். தாள் நிறத்துக்கு அளவுகோல்; 27 மில்லிமீட்டர் விட்டமுள்ள நாணயம் பருமனுக்கு அளவுகோல்.

சிலர் படம் எடுப்பதற்கு முன் சுற்றியிருக்கும் சருகையும் குச்சியையும் துடைத்து, தரையைக் கோலம் போடுகிற வாசல்போல ஆக்கிவிடுகிறார்கள். வேறு சிலர் காளானைப் பிடுங்கிப் பாசி மேல் நட்டு வைத்து எடுக்கிறார்கள். முதலாவது கெட்ட பழக்கம், இரண்டாவது பொய். அது எந்த மரத்தின் சருகில் முளைத்தது, சாணத்திலா, மட்கிய கட்டையிலா, வெறும் மண்ணிலா என்பது பெயருக்குப் பாதி வழி. எனவே முதல் படம் கை வைக்காத இடத்தின் படமாக இருக்கட்டும். முகர்ந்து பார்த்த வாசனையையும், நறுக்கியபோது சதை நிறம் மாறியதா என்பதையும் அங்கேயே நின்று எழுதிவிடுங்கள். கேமராவுக்கு மூக்கு கிடையாது.

கேள்வி: காளான் தேடக் காட்டுக்குப் போகச் சொல்லுகிறீர்கள். திருவொற்றியூரில் லாரியும் கடலும்தானே இருக்கின்றன? (வாசகர், திருவொற்றியூர்)

பதில்: காட்டுக்குப் போகச் சொன்னேன்தான், ஆனால் காளானுக்கு வேண்டியது மட்கும் பொருளும் ஈரமும். பல நாள் சமைக்காத அடுப்பில் ஆம்பி பூத்திருந்ததைச் சொல்லித் தன் வறுமையை உணர்த்திய சங்கப் புலவர் காட்டைப் பற்றிப் பாடவில்லை, வீட்டைப் பற்றித்தான் பாடினார். ஆம்பி என்பது காளானுக்கு அன்று இருந்த பெயர்.

உங்கள் பக்கத்தில் கட்டட வேலை நடக்கும் இடத்தில் சாரத்துக்கு வைத்திருக்கும் பழைய சவுக்குக் கம்புகளைப் போய்ப் பாருங்கள். சுண்டுவிரல் நகம் அளவில், சாம்பல் வெள்ளையாக, கம்பளி போர்த்தியதுபோல் சிறு விசிறிகள் வரிசையாக ஒட்டியிருந்தால் அது பெரும்பாலும் ஸ்கைசோஃபில்லம் கம்யூன். அண்டார்க்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் காணப்படுவது. அதன் செவுள் ஒவ்வொன்றும் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்திருக்கும்; வெயிலில் அந்தப் பிளவுகள் உள்நோக்கிச் சுருண்டு மூடிக்கொள்ளும், ஈரம் பட்டால் திறக்கும். காய்ந்த ஒன்றை எடுத்து நனைத்த துணியில் வைத்துவிட்டு, சற்று நேரத்துக்கு ஒருமுறை ஒரே கோணத்தில் படம் எடுத்துப் பாருங்கள். காட்டுக்குப் போகாமலேயே ஒரு நல்ல படத்தொடர் கிடைத்துவிடும்.

2016 டிசம்பர் 12 அன்று வீசிய வர்தா புயலில் சாய்ந்த மரங்களில் சிலவற்றை ஒரு பூங்காவின் மூலையில் அறுத்துப் போட்டிருந்தார்கள். அடுத்த மழையில் அந்தக் கட்டைகளில் இந்த விசிறிகளோடு, தொட்டால் காது மடல்போல் வழவழக்கும் பழுப்பு நிறக் காதுக்காளானும் வந்திருந்தது. வயதான சாலையோர மரங்களின் அடியில், வார்னிஷ் அடித்ததுபோல் பளபளக்கும் செம்பழுப்புத் தட்டுகளைக் கண்டால் கானோடெர்மாவாக இருக்கக்கூடும்; அதற்குச் செவுள் கிடையாது, அடியில் ஊசி முனையால் குத்தியதுபோல் நுண்துளைகளே இருக்கும். அது வந்துவிட்ட மரத்தின் அடி உள்ளே மட்கத் தொடங்கியிருக்கும் என்பதால், படம் எடுத்த கையோடு மாநகராட்சிக்கும் ஒரு வார்த்தை சொல்லுவது நல்லது.

எருமை கட்டும் இடம் எங்காவது மிஞ்சியிருந்தால் விடியற்காலையில் போங்கள். சாணமும் வைக்கோலும் கலந்த குவியலில் ஆறு மணிக்குச் சாம்பல் நிறக் கூம்பாக நிற்கும் மைக்காளான், வெயில் ஏற ஏற விளிம்பில் சுருண்டு, கறுத்து, நண்பகலுக்குள் சொட்டுச் சொட்டாக மையாக ஒழுகிப்போகும். மாதவரத்தில் ஒரு தொழுவத்தில் அதன் முன் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். என்ன தொலைத்துவிட்டீர்கள் என்று மாட்டுக்காரர் மூன்று முறை கேட்டார்.

உண்மையான காடு வேண்டுமென்றால், செங்குன்றம், ஊத்துக்கோட்டை வழியாக ஆந்திர எல்லையைத் தாண்டி நாகலாபுரம் மலைப்பக்கம் போகலாம். நகருக்குள் என்றால் கிண்டி தேசியப் பூங்கா. காப்புக் காட்டுக்குள் நுழைய வனத்துறையின் அனுமதி வேண்டும், தேசியப் பூங்காவில் எதையும் பறிப்பது சட்டப்படி குற்றம். அங்கே கண்ணாடிதான் உங்கள் கருவி, கரண்டி அல்ல.

கேள்வி: மாடியில் ரோஜாத் தொட்டியில் எலுமிச்சை மஞ்சளில் சின்னக் குடைகள் முளைத்திருக்கின்றன. செடிக்குக் கேடா? வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. (வாசகி, எண்ணூர்)

பதில்: அது லூக்கோகோப்ரினஸ் பிர்ன்பாமி எனப்படும் தொட்டிக்காளானாக இருக்கக்கூடும், நீங்கள் அனுப்பிய படம் பக்கவாட்டில் எடுக்கப்பட்டிருப்பதால் வளையமும் மாவு தூவிய தோலும் தெரிகின்றன, அதற்கு என் நன்றி. தொட்டியில் இட்ட மட்கு உரத்தையோ தென்னை நார்க்கழிவையோ தின்று வளர்கிறதே தவிர, ரோஜாவின் வேரைத் தொடாது. தொடுவதால் நமக்கும் ஒன்றும் ஆகாது, ஆனால் வாயில் போட்டால் வயிற்றைக் கலக்கும். எனவே குழந்தை நடமாடும் வரை முளைக்க முளைக்கக் கிள்ளிப் போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ளுங்கள். அதற்குமுன் காலை ஏழு மணிக்குள் ஒரு படம் எடுத்துவிடுங்கள். பத்து மணிக்கு மேல் துவண்டுவிடும்.

கேள்வி: இடி இடித்தால் காளான் முளைக்கும் என்பது உண்மையா? (வாசகர், மணலி)

பதில்: சென்னையில் கோடைக்குப் பிந்தைய மாலை மழை பெரும்பாலும் இடியோடுதான் வருகிறது, அந்த மழைதான் முளைக்க வைக்கிறது, இடிக்குப் பெயர் போய்ச் சேருகிறது. ஆனால் இந்த நம்பிக்கையைச் சிரித்து ஒதுக்கிவிடவும் மனமில்லை. ஜப்பானின் இவாட்டே பல்கலைக்கழகத்தார், மின்னலைப் போன்ற உயர் மின்னழுத்தத் துடிப்பைச் செலுத்தியபோது சில வளர்ப்புக் காளான்களின் விளைச்சல் கூடியதைக் கண்டிருக்கிறார்கள்.

கேள்வி: மஞ்சள்தூள் போட்டுக் கொதிக்க வைத்து, நிறம் மாறவில்லை என்றால் அந்தக் காளானைச் சாப்பிடலாம் என்று என் மாமியார் சொல்லுகிறார். வெள்ளிக் காசு கறுத்தால் விஷம், புழு அரித்திருந்தால் நல்லது என்றும் சொல்லுகிறார். (வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை)

பதில்: மூன்றும் தவறு அம்மா. மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், ஆனால் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். காளான் நஞ்சில் கொடியதான அமடாக்சின் மஞ்சளோடும் வெள்ளியோடும் எந்த வினையும் புரிவதில்லை. எவ்வளவு நேரம் கொதித்தாலும் சிதைவதில்லை. நம்மைக் கொல்லும் காளானைப் புழுவும் நத்தையும் தின்றுவிட்டு நலமாக ஊர்ந்து போகும். அந்த நஞ்சின் பெரிய வஞ்சகம் அதன் தாமதம். சாப்பிட்டு 6 முதல் 24 மணி நேரம் வரை ஒன்றும் தெரியாது, பிறகு வாந்தியும் பேதியும், அதன்பின் தேறிவிட்டதுபோல் ஒரு நாள், அந்த நாளிலேயே கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். 2022 ஏப்ரலில் அஸ்ஸாமில் காட்டுக்காளான் சாப்பிட்டு 13 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர்.

யாராவது சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுத்தால், கைவைத்தியத்தில் நேரத்தைக் கழிக்காமல் 108-ஐ அழையுங்கள். உங்கள் பகுதிக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கம். மிச்சமிருக்கும் காளானையும், குப்பைக்குப் போன காம்புத் துண்டையும் தாளில் பொதிந்து உடன் கொண்டுபோங்கள். படம் பார்த்து ‘இது தின்னத்தக்கது’ என்று இந்தப் பகுதியில் நான் யாருக்கும் எழுதியதில்லை, எழுதப்போவதுமில்லை. சாப்பிடத் தோன்றினால் கடையில் சிப்பிக்காளானும் பால் காளானும் விற்கிறார்கள்.

கேள்வி: ஐயா, நீங்கள் சொன்னபடி வித்துத்தூள் அச்சு எடுத்தேன். முழுவதும் விரிந்த குடையை வெள்ளைத் தாளில்தான் வைத்தேன், கறுப்புத் தாள் கிடைக்கவில்லை. காலையில் தாள் வெறுமையாக இருந்தது. என்ன தவறு செய்தேன்? (ஒன்பதாம் வகுப்பு மாணவி, கொளத்தூர்)

பதில்: நீ குறிப்பிட்டிருக்கும் குடை முழுவதும் விரிந்திருக்கிறது, ஆகவே பிஞ்சு என்பதால் தூள் உதிரவில்லை என்று சொல்ல முடியாது. குடை காய்ந்திருந்தால் மேல்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டிருக்கலாம், கிண்ணம் கவிழ்க்காமல் மின்விசிறியின் கீழ் வைத்திருந்தால் தூள் பறந்திருக்கும். ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால் இன்னொன்றைச் செய். தாளை எறிந்திருக்க மாட்டாய் என்று நம்புகிறேன். அதைச் சன்னல் ஓரம் கொண்டுபோய்க் கண்மட்டத்தில் சாய்த்துப் பிடித்து, விரல் நுனியால் நடுவில் லேசாகத் தடவிப் பார். பல காளான்களின் வித்துத்தூள் வெள்ளை. விரலில் மாவுபோல் ஏதேனும் ஒட்டினால், இன்று இரவே இன்னொரு குடையைப் பழைய கறுப்பு நோட்டு அட்டையின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, காலையில் எடுத்த படத்தை எனக்கு அனுப்பு.